அண்ணன் நுழையாத அறை

அண்ணன் மாடியில் நடந்தால் கீழே மஞ்சள் மூட்டைகளின் மேல் தூசி விழும். கடை முதலாளி அண்ணாந்து பார்ப்பார். பிறகு ஒட்டடைக் கம்பை எடுத்து, அதன் அடிப்பக்கத்தால் மேலே உள்ள பலகையை இரண்டு தட்டுத் தட்டுவார். சத்தம் நிற்கும். ஒரு ஆள் மூச்சு வாங்கும் நேரம்தான். மறுபடியும் ஜன்னலிலிருந்து படிக்கட்டு வரை, படிக்கட்டிலிருந்து ஜன்னல் வரை அந்த நடை தொடங்கிவிடும். அண்ணனை நினைக்கும்போது எனக்கு முதலில் வருவது அவர் முகம் அல்ல. அந்தக் கம்பின் தட்டலும், அதைக் காதில் போட்டுக்கொள்ளாத காலடிகளும்தான்.

அந்தக் கடைவீடு தீவு நகரமான ஜார்ஜ் டவுனில், கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில் இருந்தது. கீழே முதலாளியின் மசாலாச் சரக்கும் நாட்டு மருந்துச் சரக்கும். மல்லி, மிளகு, கடுக்காய், அதிமதுரம் என்று மூட்டைகள் தோளுயரத்துக்கு அடுக்கியிருக்கும். மேலே, ஓட்டுக்கூரைக்கு அடியில், பலகைத் தரை போட்ட நீளமான மாடி. சுவரைத் தொட்டால் சுண்ணாம்பு கையோடு வரும். திசு வளர்ப்புக் கூடம் ஒன்றை எங்கே வைக்கக் கூடாது என்று யாராவது கேட்டால் அந்த மாடியைத்தான் நான் காட்டுவேன். அண்ணன் அங்கேதான் வைத்தார். வேறு இடம் அவருக்குக் கிடைக்கவில்லை, கிடைக்கும்வரை காத்திருக்கும் பழக்கமும் அவருக்கு இல்லை.

நாங்கள் கடலுக்கு அக்கரையில், பெருநிலத்தில் உள்ள புக்கிட் மெர்தாஜாமைச் சேர்ந்தவர்கள். அப்பா ரயில்வேயில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குடும்பம். அப்பாவின் அப்பாவும் ரயில்வே குமாஸ்தாதான். எங்கள் வீட்டில் மனிதனின் மதிப்பு அவன் எந்த நாற்காலியில் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருக்கிறான் என்பதில் இருந்தது. அப்படிப்பட்ட வீட்டில் பிறந்த அண்ணனுக்கு ஒரு தட்டுச் சோறு தின்று முடிக்கும்வரை உட்கார முடியாது. கையில் தட்டோடு வாசலுக்கும் கிணற்றடிக்கும் நடப்பார். "கதிரையில இரன்ரா. ஒரு அரை மணித்தியாலம் இருந்தாக் காணும்," என்று அப்பா சொல்லாத நாள் இல்லை. அம்மா நாங்கள் பள்ளிக்கூடம் போகும் வயதிலேயே இறந்துவிட்டதால், அப்பாவின் கோபத்துக்கும் அண்ணனின் நடைக்கும் நடுவே நான்தான் இருந்தேன்.

சென்னைக்குப் போய்த் தாவரவியல் படித்துவிட்டு வந்தார் அண்ணன். அந்தப் பட்டத்துக்கு இங்கே அவர் எதிர்பார்த்த வேலை கிடைக்கவில்லை. அக்கரையில், ஆர்கிட் செடிகளைப் பாட்டிலில் வளர்த்து விற்கும் ஒரு கம்பெனியில் சேர்ந்தார். திசு வளர்ப்பு அவருக்கு அங்கேதான் பிடிபட்டது. செடியின் நுனிக் குருத்திலிருந்து ஓர் அரிசி அளவுக்கு வெட்டி எடுத்து, கிருமி போகக் கழுவி, சர்க்கரையும் உப்புச் சத்துகளும் கலந்த அகார் அகார் என்னும் கடற்பாசிக் கூழில், மூடிய கண்ணாடிப் பாட்டிலுக்குள் வைக்க வேண்டும். தீபாவளிக்கு நாங்கள் கலர் போட்டுச் செய்து துண்டு துண்டாக வெட்டும் அதே அகார் அகார்தான். விளக்கு வெளிச்சத்தில் அந்தத் துண்டு பச்சையாகிப் பக்கக் குருத்துகள் விடும். அவற்றைப் பிரித்து வேறு பாட்டில்களில் வைத்தால் அவையும் குருத்து விடும். கேட்பதற்கு எளிதுதான். ஆனால் காற்றில் மிதக்கும் பூஞ்சை வித்து ஒன்று உள்ளே போய்விட்டால் போதும், அந்தச் சர்க்கரைக் கூழில் அது செடியை முந்திக்கொள்ளும். காலையில் பார்த்தால் பாட்டிலுக்குள் பஞ்சு அடைத்து வைத்ததுபோல் இருக்கும்.

மேலாளரோடு சண்டை போட்டுக்கொண்டு அந்தக் கம்பெனியை விட்டு வந்தபோது அண்ணனிடம் அந்த வித்தையும் ஒரு யோசனையும் இருந்தன. யோசனை, கார்த்திகைப் பூ. தமிழ்நாட்டுக்காரர்கள் செங்காந்தள் என்பார்கள். எங்கள் ரயில்வே குவார்ட்டர்ஸ் வேலியில் அது தானாகப் படர்ந்து, நெருப்புப் பிடித்ததுபோல் பூக்கும். கிழங்கு நஞ்சு என்று அப்பா வெட்டிப் போடுவார். அது மறுபடியும் வரும். அந்த நஞ்சிலிருந்துதான் மூட்டு வீக்கத்துக்கு மருந்து எடுக்கிறார்கள். வெளிநாட்டில் இருந்து அதைக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள், ஆனால் சரக்கு சேர மாட்டேன் என்கிறது என்று மசாலாக்கடை முதலாளி ஒருநாள் பேச்சுவாக்கில் சொல்லியிருக்கிறார். ஒரு கிழங்கு ஒரு வருடம் மண்ணில் கிடந்தால் ஒன்றோ இரண்டோ கிழங்குதான் தரும். பாட்டிலில் வளர்த்தால் எத்தனை வேண்டுமானாலும் தரும். அண்ணன் அன்றைக்கே முதலாளியிடம் அவருடைய மாடியை வாடகைக்குக் கேட்டுவிட்டார்.

அந்தச் சமயத்தில்தான் பாயான் லெப்பாஸில் நான் வேலை செய்த மின்னணுத் தொழிற்சாலையில் ஆட்களைக் குறைத்தார்கள். பள்ளிக்கூடம் முடித்ததிலிருந்து அங்கேதான் இருந்தேன். நுண்ணோக்கிக்குக் கீழே, முடியைவிட மெல்லிய தங்கக் கம்பியை மின்னணுச் சில்லில் ஒட்டும் வேலை. தலையில் குல்லா, வாயில் துணி, முகத்தில் பவுடர் கூடாது, கூந்தலில் பூ கூடாது. பேசினால் எச்சில் தெறிக்கும் என்று பேச்சும் கூடாது. வேலை போய் வீட்டில் உட்கார்ந்தபோது எனக்குப் பகலில் தூக்கம் வந்தது, இரவில் வரவில்லை. எதற்கென்று தெரியாமல் அலமாரியை அடுக்குவேன், கலைப்பேன். வீட்டில் எனக்கு அமைதியானவள் என்று பெயர். அது தவறு. அண்ணனின் பதைப்பு காலில் இருந்தது, என்னுடையது வெளியே தெரியாத இடத்தில் இருந்தது. அவ்வளவுதான் வித்தியாசம்.

"சும்மா வீட்ல இருந்து என்ன செய்யப் போற? வா லா. உன் கை எனக்கு வேணும்," என்றார் அண்ணன். நான் போனேன். அதே சந்தில் வாடகைக்கு ஓர் இடம் பிடித்து இருவரும் தங்கினோம்.

மாடியின் பின்பக்கத்தில் ஜன்னல் இல்லாத ஓர் அறை இருந்தது. அதன் சுவருக்கு எண்ணெய்ப் பெயிண்ட் அடித்தோம். மேலே பிளாஸ்டிக் விரிப்பு கட்டினோம். காற்றை வடிகட்டி முகத்துக்கு நேரே அனுப்பும் பெட்டி ஒன்று வேண்டும், அதற்குள் கையை வைத்துத்தான் வெட்ட வேண்டும். ஜுருவில் பழைய சாமான் விற்கும் ஒரு இடத்திலிருந்து மின்விசிறியும் வடிகட்டியும் வாங்கி வந்து அண்ணனே மரப்பெட்டி அடித்தார். பாட்டில்களைச் சமையல் பிரஷர் குக்கரில் வேகவைத்தோம். நான் தொழிற்சாலையில் போட்டதுபோலவே குல்லாவும் முகத்துணியும் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். கத்தியை ஸ்பிரிட் விளக்கில் காட்டி, ஆறவைத்து, கிழங்கின் மொட்டை வெட்டினேன். முதல் தடவை வெட்டும்போது அண்ணன் என் தோளுக்குப் பின்னால் நின்று மூச்சுவிட்டது இன்னும் கழுத்தில் தெரிகிறது.

அதற்குப் பிறகு பல மாதங்கள் நாங்கள் வளர்த்தது பூஞ்சையைத்தான். வெள்ளை, கறுப்பு, சாம்பல், சில நேரம் அழகான இளஞ்சிவப்பு. கிழங்கை வெளுக்கும் மருந்தில் இன்னும் கொஞ்ச நேரம் ஊறவைத்தோம், மொட்டு வெந்துபோனது. நேரத்தைக் குறைத்தோம், பஞ்சு பிடித்தது. அறையை ஸ்பிரிட்டால் துடைத்துத் துடைத்து என் கைத்தோல் உரிந்தது. அண்ணனுக்கோ பொறுமை இல்லை. காலையில் வைத்த பாட்டிலை மத்தியானத்துக்குள் நான்கைந்து முறை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார்.

"அசையுதா?"

"இப்பத்தானே அண்ணா பாத்தீங்க."

"சும்மா லா, பாத்தா என்ன?"

பார்த்துவிட்டு வெளியே போய் ஜன்னலுக்கும் படிக்கும் இடையே நடப்பார். பலகை முனகும், அலமாரியில் பாட்டில்கள் ஒன்றோடொன்று உரசும், கீழேயிருந்து கம்பு தட்டும். நான் கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு அது ஓயக் காத்திருப்பேன்.

பிறகு அண்ணனுக்கு அம்மை போட்டது. முகமெல்லாம் கொப்புளம். அப்பா அவரைப் புக்கிட் மெர்தாஜாமுக்குக் கூட்டிக்கொண்டு போய் வேப்பிலையில் படுக்கவைத்தார். மாடியில் நான் தனியாக இருந்தேன். வழக்கம்போல வெட்டினேன், வைத்தேன், மூடினேன். கொஞ்ச நாளில் குப்பையில் போட வேண்டிய பாட்டில்கள் குறைந்தன. அதை நான் கிழங்கின் நல்ல குணம் என்றுதான் நினைத்தேன். மொட்டுகள் பச்சையாகின. ஒன்றில் பக்கத்தில் ஒரு முளை. மறுநாள் இன்னொன்றில்.

அண்ணன் முகத்தில் தழும்போடு திரும்பி வந்தார். நேரே அறைக்குள் போனார். விளக்குக்குக் கீழே வரிசையாகப் பச்சை. அவர் கத்துவார், கைதட்டுவார், என்னைத் தூக்கிச் சுற்றுவார் என்று எதிர்பார்த்து நான் வாசலில் நின்றேன். அவர் குனிந்து அலமாரியின் கீழ்த்தட்டிலிருந்து மேல்தட்டு வரை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"இதெல்லாம் எப்ப வச்சது?"

"நீங்க அங்க படுத்திருந்தப்ப."

"இது?"

"அதுவும் அப்பத்தான்."

"அதுக்கு முன்னாடி வச்சது எங்க?"

நான் குப்பை வாளியைக் காட்டினேன். அவர் வாளியைப் பார்த்தார், தன் காலுக்குக் கீழே இருந்த பலகை இடுக்கைப் பார்த்தார், வாசலுக்கு வெளியே சுவரிலிருந்து உதிர்ந்து கிடந்த சுண்ணாம்பைப் பார்த்தார். காலை மெதுவாகத் தூக்கி வைத்து ஒரு முறை அழுத்தினார். இடுக்கிலிருந்து மஞ்சள் பொடியோடு கலந்த தூசி கொஞ்சம் எழும்பியது. விளக்கு வெளிச்சத்தில் அது மிதந்ததை நாங்கள் இரண்டு பேரும் பார்த்தோம்.

"அப்போ கிருமி நாந்தான் லா," என்றார்.

"பலகை பழசு அண்ணா. அதான்."

அவர் சிரித்தார். உண்மையாகவே சிரித்தார். அப்புறம் கால் விரல்களை ஊன்றி, திருடனைப்போல் நடந்து, படியிறங்கிப் போனார். அதன்பிறகு அந்த அறைக்குள் அவர் வரவில்லை. மாடிக்கே வரவில்லை. நான் சொல்லவில்லை, யாரும் சொல்லவில்லை. தனக்குத் தானே போட்டுக்கொண்ட தடை அது.

மத்தியானம் நான் ஒரு பாட்டிலைத் துணியில் சுற்றிக் கீழே எடுத்துக்கொண்டு போவேன். கடைக்கு முன்னால், நடைபாதைத் தூணருகே அண்ணன் காத்திருப்பார். பாட்டிலை வாங்கி வெயிலுக்கு நேரே பிடிப்பார். பக்கத்தில் நாசி கண்டார் சோற்றுக்கடையில் வரிசையில் நிற்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். "என்ன அண்ணே, தவளையா?" என்று ஒருவர் கேட்டார். "பூ," என்றார் அண்ணன். அந்த ஆள் பாட்டிலுக்குள் பூவைத் தேடினார். அண்ணன் குருத்துகளை எண்ணிவிட்டு, என்ன மாற்ற வேண்டும், எந்தச் சத்தைக் குறைக்க வேண்டும் என்று மளமளவென்று சொல்லிவிட்டுப் பாட்டிலைத் திருப்பித் தருவார். பிறகு போய்விடுவார்.

எங்கே போவார் என்று முதலில் தெரியவில்லை. பிறகு ஒவ்வொருவராகச் சொன்னார்கள். கடற்கரைப் பக்கம் பார்த்தேன், கோட்டை மதில் ஓரம் பார்த்தேன், பசார்ச் சந்தையில் பார்த்தேன் என்று. ஒருநாள் கேட்டேன்.

"சும்மா, ஃபெரியில அக்கரைக்குப் போய்ட்டு வந்தேன்."

"அங்க என்ன வேல?"

"வேலைன்னு ஒண்ணும் இல்ல. எறங்கி, திரும்ப ஏறிட்டேன்."

அறை இப்போது முழுக்க என்னுடையது. சத்தம் இல்லை, பாட்டில் உரசல் இல்லை. முளைகள் பெருகின. எனக்கு மகிழ்ச்சியாக இருந்திருக்க வேண்டும். ஆனால் அந்த நிசப்தத்தில் கத்தியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது என் மனம் மட்டும் ஊரெல்லாம் ஓடும். இப்போது அண்ணன் எந்தத் தெருவில் இருப்பார் என்று நினைப்பேன். அவருடைய கனவை நான் உள்ளே உட்கார்ந்து செய்கிறேன், அவர் வெளியே நடந்துகொண்டிருக்கிறார். முப்பதைத் தாண்டிவிட்டேன், வேறு யாருடைய கனவோ என் கையில் இருக்கிறது என்றும் நினைப்பேன். குல்லாவைக் கழற்றும்போது தலை வலிக்கும்.

பாட்டிலுக்குள் வேர் விட்டு, அடியில் சிறு கிழங்கும் கட்டிய பிறகு செடியை வெளியே எடுத்து மண்ணுக்குப் பழக்க வேண்டும். அதைப் புக்கிட் மெர்தாஜாம் வீட்டுப் பின்பக்கத்தில், ரம்புத்தான் மரத்தடியில் செய்வதென்று முடிவானது. அங்கே சிமெண்டுத் தரையும் மண்ணும்தான். அண்ணன் எவ்வளவு வேண்டுமானாலும் நடக்கலாம். "இனிமே இதுங்க என் பொறுப்பு," என்று என்னிடமிருந்து பாட்டில்களை ஒவ்வொன்றாக எண்ணி வாங்கிக்கொண்டார்.

முதல் தொகுதி முழுதும் செத்தது. பாட்டிலுக்குள் காற்று எப்போதும் ஈரம். அதில் வளர்ந்த இலைக்கு வெளிக்காற்றைத் தாங்கும் தோல் இல்லை. அண்ணன் அவற்றைத் தேங்காய் நார்ப்பொடியில் நட்டு, பிளாஸ்டிக் உறை போட்டு மூடி, படித்தபடியே செய்துவிட்டு உரச் சாமான் வாங்க ஊருக்குள் போய்விட்டார். மேகம் விலகி வெயில் ஏறியதும் உறைக்குள் புழுங்கி, அவர் திரும்பி வரும்போது எல்லாம் வேகவைத்த கீரைபோலப் படுத்துக் கிடந்தன. அப்பா நாற்காலியை வாசலுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டு பார்த்திருந்தார்.

"கண்ணாடிக்குள்ள நல்லா இருந்ததை ஏன்ரா வெளியில எடுத்தனீ?" என்றார்.

அண்ணன் செத்த செடிகளை வழித்துக் குழியில் போட்டார். மறு வாரம் நான் போனபோது இரண்டாவது தொகுதி மரத்தடியில் இருந்தது. அண்ணன் அதைச் சுற்றி நடந்துகொண்டிருந்தார். ஒவ்வொரு சுற்றிலும் ஒரு உறையின் ஓரத்தைக் கொஞ்சம் தூக்குவார், முகத்தை உள்ளே விட்டு வெப்பம் பார்ப்பார், கைப்பம்பில் பனிபோல் தண்ணீர் அடிப்பார், மூடுவார், அடுத்ததுக்குப் போவார். வெயில் நகர்ந்தால் தட்டுகளையும் நகர்த்துவார். மேகம் வந்தால் உறையை அகலத் திறப்பார், தூறினால் ஓடிவந்து மூடுவார். சாப்பாட்டுத் தட்டு கையில் இருக்கும். விடிந்ததிலிருந்து இருட்டும்வரை அப்படித்தான். நான் பார்த்துக்கொண்டே நின்றேன். மாடியில் எங்களைக் கெடுத்த அதே கால்கள்தான். உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறவனால் அந்தச் செடிகளைக் காப்பாற்றியிருக்க முடியாது.

அப்பா என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார். மெல்லிய குரலில் சொன்னார்.

"முந்தி இவன் நடந்தா எனக்கு எரிச்சல் வரும் பிள்ளை. இப்ப நிண்டா பயமாக் கிடக்கு."

அந்தத் தொகுதி பிழைத்தது. அதற்கடுத்ததும். உறை எடுத்து, தொட்டிக்கு மாற்றி, நூல் கட்டிவிட்டோம். இலை நுனியில் சுருள் விட்டு நூலைப் பிடித்துக்கொண்டு ஏறின. பல மாதம் அந்தப் பின்பக்கம் பச்சைத் திரை கட்டியதுபோல் இருந்தது. அண்ணன் முதலாளியிடம் வந்து பார்க்கச் சொன்னார். அவருக்குக் கடையை விட்டு வர நேரம் அமையவில்லை. இந்த வாரம், அடுத்த வாரம் என்று தள்ளிக்கொண்டே போயிற்று.

அவர் வந்தபோது செடிகள் மஞ்சளாகிக் காய்ந்துவிட்டிருந்தன. கார்த்திகைச் செடியின் இயல்பு அது. வளர்ந்து முடித்ததும் மேலே எல்லாம் காய்ந்துவிடும், கிழங்கு மண்ணுக்குள் தூங்கும். எங்களுக்கு அது தெரியும். முதலாளிக்கும் ஓரளவு தெரியும். இருந்தாலும் தொட்டி தொட்டியாகக் காய்ந்த குச்சிகளைப் பார்த்து அவர் முகம் சுருங்கியது. அண்ணன் ஒரு தொட்டியைக் கவிழ்த்து மண்ணை விலக்கி, கிழங்கை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தார். கடலைப் பருப்பைவிடக் கொஞ்சம் பெரிது.

"இதுதானா தம்பி?"

"இது மொத வருஷம் முதலாளி. அடுத்த வருஷம் வெரல் அளவு வரும். அதுக்கப்புறம் பாருங்க."

"அதுக்கப்புறம்னா?"

"இன்னும் ரெண்டு மூணு வருஷம் லா."

முதலாளி கிழங்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் கெட்டவர் அல்ல. சொல்லத் தயங்கியது தெரிந்தது. "தம்பி, ஊர்ல, தமிழ்நாட்டுப் பக்கம், இப்ப விவசாயிங்க இதை வயல்லயே போட்டுட்டாங்களாம். பந்தல் கட்டி, விதைய மூட்டை மூட்டையா எடுக்கிறாங்களாம். எங்கிட்ட கேட்டவங்க அங்க போய்ட்டாங்க. நானே போன வாரம்தான் கேள்விப்பட்டேன். காஞ்ச குச்சியக் காட்டி, உசிரோட இருக்கு, பொறுத்துக்குங்கன்னு நான் யார்கிட்ட போய்ச் சொல்லுவேன்?" கிழங்கை அண்ணன் கையில் கொடுத்துவிட்டு, என்னைப் பார்த்து, "மாடி வேணும்னா இருங்கம்மா, அவசரம் ஒண்ணும் இல்ல," என்றார்.

அவர் வண்டி போன பிறகு அண்ணன் அந்தக் கிழங்கை எடுத்த தொட்டியிலேயே வைத்து மண்ணை மூடினார். அப்புறம் நின்றார். வெகுநேரம் நின்றார். நடங்களேன் அண்ணா என்று கத்த வேண்டும்போல் இருந்தது எனக்கு. அப்பா வாசலில் எழுந்து நின்றுவிட்டார். கடைசியில் அண்ணன் நகர்ந்தார். தண்ணீர் காட்டக் கூடாத, மூடித் திறக்க எதுவும் இல்லாத அந்த மண்தொட்டிகளை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். இன்னொரு சுற்று. அப்பா உட்கார்ந்தார்.

எனக்கு ஈப்போவிலிருந்து ஒரு வரன் வந்திருந்தது. பஸ் கம்பெனியில் கணக்கர், மனைவியை இழந்தவர். அப்பா என்னிடம் தயங்கித்தான் கேட்டார். நான் உடனே சரி என்றேன். என் வேகம் எனக்கே ஆச்சரியமாக இருந்தது. அந்த அறையிலிருந்து, அந்தப் பெட்டியின் முன்னால் மூச்சை அடக்கி உட்காருவதிலிருந்து, எங்காவது போய்விட வேண்டும் என்று எனக்குள் எவ்வளவு நாளாக ஓடிக்கொண்டிருந்தது என்று அப்போதுதான் தெரிந்தது. அண்ணனிடம் சொன்னபோது அவர் தடுப்பார் என்று நினைத்தேன். தடுக்க வேண்டும் என்று கொஞ்சம் ஆசையும் இருந்தது.

"எப்ப?" என்றார்.

"தை மாசம்."

"அப்போ மாடியக் காலி பண்ணிடலாம்."

"ஒங்களுக்குக் கோவம் இல்லியா?"

"நீ எவ்வளவு நாள் உக்காந்திருப்பே தங்கச்சி? நான் என்ன சில்லா, நீ தங்கக் கம்பியா, ஒரேயடியா என்னோட ஒட்டிக்கிறதுக்கு?" என்று சிரித்தார். பிறகு முகம் மாறியது. "எனக்குப் பயமா இருக்கு லா. ஆனா நீ போ."

காலி செய்த அன்று மீதிப் பாட்டில்களைப் பழைய ஆர்கிட் கம்பெனிக்காரர்கள் வந்து எடுத்துக்கொண்டு போனார்கள். அந்த மேலாளர் மாறியிருந்தார். புதியவர் அண்ணனைப் பற்றி விசாரித்தார். பாட்டிலிலிருந்து வரும் செடிகளை வெளியே பழக்குவதில் தங்களுக்குப் பாதிக்கு மேல் சாகிறது என்று சொன்னார். அண்ணன் கீழே நடைபாதையில் நின்றிருந்தார். நான் மேலேயிருந்து கூப்பிட்டேன்.

"இனிமே உள்ள வரலாம் அண்ணா. ஒண்ணும் இல்ல."

அவர் படியேறி வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றினார், பழக்கத்தில். அறைக்குள் போய் ஒரு சுவரிலிருந்து மறு சுவர் வரை நடந்தார். சில எட்டுத்தான்.

"இவ்வளவு சின்னதாவா லா இருந்திச்சி?" என்று கேட்டார். அவர் மனதில் அது எவ்வளவு பெரியதாக இருந்திருக்கும் என்று நான் நினைத்துப் பார்த்தேன். தெருவில் நடந்த அத்தனை நாளும் அவர் நினைவில் நடந்தது இதற்குள்தானே.

கல்யாணமாகி ஈப்போ போய்க் கொஞ்ச நாளில் ஒரு காலை பக்கத்து வீட்டுக்கு எனக்குத் தொலைபேசி வந்தது. அண்ணன் பொதுத் தொலைபேசியிலிருந்து பேசினார். வண்டிச் சத்தத்துக்கு நடுவே குரல் வந்தும் போயும் இருந்தது. கம்பி எட்டும் தூரம் வரை நடந்துகொண்டே பேசுகிறார் என்று புரிந்தது. "மொளை வந்திருச்சி தங்கச்சி. எல்லாத் தொட்டியிலயும் இல்ல. ஆனா வந்திருச்சி." எந்தத் தொட்டி, எத்தனை முளை என்று நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். வீட்டில் அடுப்பில் வைத்த பால் பொங்கி வழிந்ததைப் பக்கத்து வீட்டம்மா வந்து சொன்னார்.

அந்தச் செடிகளை யாரும் வாங்கவில்லை. அண்ணன் பூத்தவற்றைக் கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தார், கிழங்கைப் பிள்ளைகள் வாயில் வைத்துவிடாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லி. ஆர்கிட் கம்பெனியில் அவரை வெளிநிழல் கொட்டகைக்குப் பொறுப்பாகச் சேர்த்துக்கொண்டார்கள். ஓய்வு பெறும்வரை அங்கேதான் இருந்தார். நீளமான கொட்டகைகள், காலையிலிருந்து மாலைவரை நடை. அங்கே அவரை யாரும் உட்காரச் சொல்லவில்லை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கேட்டால், "கூட நடக்க யாரு வருவா?" என்பார். அப்பாவின் கடைசி வருடங்களில் அவரைக் கழுவி, உடை மாற்றி, நேரத்துக்கு நேரம் புரட்டிப் போட்டதும் அண்ணன்தான். அப்பா அவரை ஒருபோதும் கதிரையில் இரு என்று அதற்குப் பிறகு சொல்லவில்லை.

இப்போது அண்ணனுக்கு முழங்கால் இரண்டும் தேய்ந்துபோய்விட்டன. போன மாதம் ஜார்ஜ் டவுன் மருத்துவமனைக்கு அவரைக் கூட்டிக்கொண்டு போக ஈப்போவிலிருந்து வந்தேன். மருத்துவர் நடையைக் குறைக்கச் சொன்னார். அண்ணன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே வந்ததும், அந்தச் சந்து வழியாகப் போக வேண்டும் என்றார். கடைவீடு இப்போது வெள்ளைக்காரப் பயணிகள் தங்கும் விடுதி. மாடி ஜன்னலில் குளிரூட்டி. பலகைக்கு வழவழவென்று மெருகு போட்டிருப்பார்கள். கோலை ஊன்றிக்கொண்டு ஒரு நிமிடம் பார்த்தார். "வா, ஃபெரிக்கு நேரமாவுது," என்று எனக்கு முன்னால் நடந்தார். ஃபெரியில் உட்காரவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு கால் மாற்றிக் கால் மாற்றி நின்றார். ஈப்போவுக்கு என்னோடு வந்து இருங்களேன் என்று நான் கேட்டதற்கு, "ஒன் வீட்டு மாடியில எத்தன அடி இருக்கு?" என்று கேட்டார். அது அடுக்குமாடி வீடு. கூடத்துக்கும் சமையலறைக்கும் சில எட்டுத்தான்.

பட்டர்வொர்த்தில் இறங்கி, புக்கிட் மெர்தாஜாம் வீட்டுக்குப் பஸ் ஏறினோம். ஜன்னல் பக்கம் அவர், நடைவழிப் பக்கம் நான். முதலில் முழங்காலைத் தேய்த்துக்கொண்டே இருந்தார்; வெளியே தெரிந்த ஒவ்வொரு நாற்றுப் பண்ணையையும் கை நீட்டிக் காட்டி, நிழல்வலை தப்பாகக் கட்டியிருக்கிறான் என்றார். பிறகு பேச்சு குறைந்தது. கை நின்றது. திரும்பிப் பார்த்தேன். தூங்கியிருந்தார். பகலில் அண்ணன் தூங்கி நான் பார்த்ததே இல்லை. அம்மை போட்டிருந்த நாட்களில் தூங்கியிருக்கலாம், அப்போது நான் அங்கே இல்லை. வாய் லேசாகத் திறந்து, தலை சரிந்து என் தோளில் வந்து நின்றது. கால்கள் இரண்டும் அசையாமல் நீண்டு கிடந்தன.

ரயில் நிலையம் வந்தது. அப்பா வேலை செய்த பக்கம். அடுத்து கோயில், அதற்கு அடுத்து எங்கள் நிறுத்தம். மணிப் பொத்தான் எதிர் இருக்கைக் கம்பியில் இருந்தது. அதை அழுத்த வேண்டுமென்றால் நான் தோளை நகர்த்த வேண்டும். இந்த பஸ் கூலிம் வரை போகும், திரும்பியும் வரும்.

எங்கள் நிறுத்தம் ஜன்னலில் வந்து பின்னால் போயிற்று. நான் அசையவில்லை.